காப்புக் கட்டும் முன்

திருகோணமலையில் குடியை நிறுத்துவதற்கென்றே சில நாட்கள் இருக்கின்றன. மகா சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில், வாசலில் நிறைகுடம் வைத்துக் காத்திருக்கும் வீட்டுத் தலைவர் சாராய மணத்தோடு நிற்கமாட்டார். வெருகல் முருகன் கோயில் திருவிழா, கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை புறப்படும் காலம், ஐப்பசியில் கந்தசஷ்டியின் ஆறு நாட்கள், கத்தோலிக்க வீடுகளில் தவக்காலம் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காலம் உண்டு. ஆண்டு முழுவதும் தவறணையே கதியென்று கிடப்பவர்கள்கூட அந்நாட்களில் அந்தப் பக்கம் போவதில்லை. வீட்டிலுள்ள பெண்களுக்கு அது ஒரு நம்பிக்கை. இந்த முறை காப்புக் கட்டிவிட்டால் அப்படியே விட்டுவிடுவார் என்று ஒவ்வோராண்டும் நினைப்பார்கள்.

அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. கோயிலுக்காகவும் பிள்ளைக்காகவும் நிறுத்த நினைப்பது, நிறுத்த வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் நாள்தோறும் அதிகமாகக் குடித்துப் பழகிய ஓர் உடல், ஒரு காலைப் பொழுதில் குடியையும் உணவையும் சேர்த்து நிறுத்தும்போது என்ன ஆகும் என்பதைப் பற்றி நம்மிடையே ஏறத்தாழ யாருமே பேசுவதில்லை. குடியால் சாகலாம் என்று எல்லோருக்கும் தெரியும். குடியைத் திடீரென்று நிறுத்தியும் சாகலாம் என்பது, வைத்தியசாலை விடுதியில் ஒரு முறை நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரிகிறது.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கலியாண வீட்டிலோ பெருநாளிலோ குடிப்பவர் நாளைக்கே நிறுத்தலாம். அவருக்கு ஒன்றும் ஆகாது. நான் சொல்வது வேறொருவரை. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது; ஒரு மிடறு உள்ளே போனதும் நடுக்கம் நிற்கிறது. முன்பு கால் போத்தலில் வந்த வெறி இப்போது அரைப் போத்தலில்தான் வருகிறது. குடிக்காத நாளில் வியர்வை, குமட்டல், தூக்கமின்மை, காரணமில்லாத பதற்றம். இவை இருந்தால் அது பழக்கத்தைத் தாண்டி, உடல் மதுவையே சார்ந்து நிற்கும் நிலைக்குப் போய்விட்டது என்று பொருள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த ‘ஓடிட்’ என்ற வினாத்தாள் ஒன்று இருக்கிறது; பத்தே கேள்விகள், மொத்தம் 40 புள்ளிகள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி தீங்கு தரும் எல்லைக்குள் நுழைந்துவிட்டது. 20 அல்லது அதற்கு மேல் வந்தால் சார்பு நிலை இருக்கக்கூடும், முறையான மருத்துவ மதிப்பீடு தேவை. அதிகமாகக் குடித்த நாளுக்கு மறுநாள், காலையில் எழுந்ததும் குடித்தால்தான் முடியும் என்ற நிலை கடந்த ஓராண்டில் எத்தனை தடவை வந்தது என்பதும் அந்தப் பத்தில் ஒன்று.

அளவைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் “அரைதான்” என்று சொல்லும் தொனியில் அது ஏதோ பாதி விடயம் போல ஒலிக்கிறது. நம் நாட்டுச் சாராயத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு தூய மதுசாரம். 375 மில்லிலீற்றர் அரைப் போத்தலில் ஏறத்தாழ 100 கிராம் மதுசாரம் வருகிறது. ஆண்களுக்கு நாளொன்றுக்கு 60 கிராமைத் தாண்டினாலே உயர் ஆபத்து என்றும், 100 கிராமைத் தாண்டினால் மிக உயர்ந்த ஆபத்து என்றும் உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. ஆக, “அரைதான்” என்பவர் அந்தக் கடைசி வாசற்படியில் நிற்கிறார். கசிப்புக் குடிப்பவரின் கணக்கை யாராலும் போட முடியாது, ஏனென்றால் அதன் வலிமை காய்ச்சும் ஒவ்வொரு முறையும் மாறும்.

மதுசாரம் மூளையை மந்தப்படுத்தும். அதை நாள்தோறும் தாங்கிப் பழகிய மூளை, அந்த மந்தத்தை ஈடுகட்டத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. அமைதிப்படுத்தும் ‘காபா’ என்ற இரசாயனத்துக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்து, கிளர்ச்சியூட்டும் ‘குளுட்டமேற்’ பக்கத்தை வலுப்படுத்துகிறது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் கயிறிழுக்கும்போது ஒரு பக்கத்தார் திடீரென்று கையை விட்டால் மறுபக்கத்தார் மல்லாந்து விழுவார்கள் அல்லவா? மதுசாரம் ஒரே நாளில் கையை விடும்போது மூளையில் நடப்பதும் அதுதான். கடைசியாகக் குடித்து ஆறு மணித்தியாலத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் ஆகியவை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளையொட்டி, ஒரு சிறு பகுதியினருக்கு, வைத்தியர்கள் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று சொல்லும் கொடிய மனக்குழப்பம் வரும். ஆள் நேரம், இடம் தெரியாமல் போவார். இல்லாத பூச்சிகளைப் பார்ப்பார். காய்ச்சல் ஏறும், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறும். சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த நிலைக்கு வந்தவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்ததுண்டு. சிகிச்சை கிடைத்தால் அது 5 வீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இதில் விரதம் சேரும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. தொடர்ந்து குடிப்பவர் பெரும்பாலும் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டதிலிருந்தும் வைட்டமின் பி1 என்ற தயமினைக் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. அந்த உடலோடு ஒருவர் கந்தசஷ்டிக்கு மிளகும் நீரும் மட்டும் கொண்டிருந்தால், இரத்தத்தில் சீனி இறங்குவதும் தயமின் இருப்பு முற்றாகத் தீர்வதும் நடக்கலாம். தயமின் தீர்ந்தால் கண் அசைவு குழம்பும், நடை தள்ளாடும், நினைவு சிதறும். காள் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் 1881 ஆம் ஆண்டிலேயே இதை விவரித்து எழுதிவிட்டார். உடனடியாக ஊசி மூலம் தயமின் ஏற்றினால் திரும்பக்கூடிய இந்த நிலை, காலம் தாழ்த்தினால் நிரந்தர மறதியாக நின்றுவிடும். நடை தள்ளாடுவதைப் பார்த்துவிட்டு “ஒளிச்சுக் குடிச்சிருக்கிறார்” என்று வீட்டில் சண்டை பிடிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

என் அக்காவின் கணவர் மேசன். எங்கள் பகுதியில் அவர் பூசிய சுவர்கள் பல இருக்கின்றன; மட்டம் பிசகாத கை. அந்தக் கை, கடைசிச் சில ஆண்டுகளாகக் காலையில் கால் போத்தல் இறங்காமல் கரண்டியைப் பிடிக்க மறுத்தது. அப்படியிருந்தும் ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் நிறுத்துவார். முதலில் சில ஆண்டுகள் வெறும் நடுக்கமும் எரிச்சலும்தான். பிறகொரு ஆண்டு விரதத்தின் இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. வெயிலில் பசியோடு நின்றதால் வந்த மயக்கம் என்று அதை விட்டுவிட்டார்கள். அதற்கடுத்த ஆண்டின் மூன்றாம் நாள் இரவு அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, அத்தானுக்குச் சாமி வந்திருக்கு எண்டு எல்லாரும் சொல்லுறாங்கள். எனக்கு அப்பிடித் தெரியேல்ல. நீ ஒருக்கா வா.”

நான் போனபோது அவர் வீட்டின் உட்சுவரைப் பூசிக்கொண்டிருந்தார். கையில் கரண்டியும் இல்லை, சாந்தும் இல்லை. வெறும் உள்ளங்கையால் மேலிருந்து கீழாக இழுத்து, ஓரத்தை வழித்து, பக்கத்தில் இல்லாத ஒரு பொடியனைப் பார்த்து, சாந்து இறுகிப்போய்விட்டது, தண்ணீர் விடு என்று அதட்டினார். சட்டை நனைந்து உடலோடு ஒட்டியிருந்தது. தன் தொழிலின் அசைவுகளை அப்படியே செய்து காட்டுவது இந்த மனக்குழப்பத்தில் அறியப்பட்ட ஒன்று என்று பின்னர் வைத்தியர் சொன்னார். மீன்பிடிப்பவர்கள் கட்டிலில் இருந்தபடி வலை இழுப்பார்களாம். அன்றிரவு அது எங்களுக்குத் தெரியாது. அயல் வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வந்து, அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்து, அக்காவிடம் ஒரே கேள்வி கேட்டார்: “கடைசியாக் குடிச்சது எப்ப?” அக்கா சொன்ன விடையைக் கேட்டுவிட்டு, சாமியும் இல்லை பேயும் இல்லை, உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள் என்றார்.

அக்காவுக்கு அப்போதும் ஒரு தயக்கம் இருந்தது. காப்புக் கட்டியவர் சூரன்போருக்கு முன் விரதத்தை முறித்தால் குற்றமாகாதா என்று கேட்டார். கோயில் ஐயரையும் தொலைபேசியில் கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. நோயாளிக்கு விரதம் விதிக்கப்படவில்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். இந்த ஒரு வாக்கியத்தை எங்கள் மாவட்டத்தின் ஒவ்வொரு கோயில் அறிவித்தல் பலகையிலும், விரதகால அறிவித்தல்களோடு சேர்த்து எழுதி வைத்தால் நல்லது என்று நான் நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஐயர் சொன்னால் கேட்பவர்கள், சுகாதாரத் திணைக்களத்தின் சுவரொட்டியைப் படிப்பதில்லை.

வைத்தியசாலையில் நடந்தவற்றில் மர்மம் எதுவும் இல்லை. தயமின் ஊசி போட்டார்கள். இரத்தச் சீனி பார்த்தார்கள். பிறகு டயசிபாம். குளோர்டயசிபொக்சைட், டயசிபாம், ஈரல் பழுதுபட்டவர்களுக்கு லோராசிபாம் என்று இந்த வகை மருந்துகளில் ஒன்றைத்தான் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். மதுசாரம் விட்டுப்போன இடத்தில் மூளையை அமைதிப்படுத்தி, அளவை நாளுக்கு நாள் குறைத்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவார்கள். உறவினர் ஒருவர் விடுதி வாசலில் நின்று, ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொரு போதைக் குளிசையைக் கொடுக்கிறார்களே என்று சத்தம் போட்டார். அந்தச் சந்தேகம் முற்றிலும் பிழையென்று சொல்லமாட்டேன். இதே குளிசைகளை மருந்துக்கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் போட்டால் அவற்றுக்கே அடிமையாகலாம், சாராயத்தோடு சேர்த்தால் மூச்சே நின்றுபோகலாம். அதனால்தான் அதை வீட்டில் செய்யாமல் வைத்தியரின் கண்காணிப்பில் செய்கிறார்கள்.

ஒரு நாள் காலையில் மனநல வைத்திய அதிகாரி வந்து, முந்தைய ஆண்டுகளில் எத்தனை முறை இப்படித் திடீரென்று நிறுத்தினார் என்று விசாரித்தார். அந்தக் கேள்வியின் நோக்கம் எனக்குப் பின்னர்தான் விளங்கியது. திடீரென்று நிறுத்துவதும் மீண்டும் தொடங்குவதுமாகப் பல முறை போனவருக்கு, அடுத்த முறை நிறுத்தும்போது வலிப்பும் குழப்பமும் வரும் வாய்ப்புக் கூடிக்கொண்டே போகும்; ஒவ்வொரு நிறுத்தமும் மூளையை அடுத்ததற்கு மேலும் கூருணர்வுள்ளதாக்கி விடுகிறது. போன ஆண்டு ஒன்றும் ஆகவில்லையே என்பது இந்த ஆண்டுக்குப் பாதுகாப்பு அல்ல என்பதே இதன் பொருள். ஆண்டுக்கு ஒரு முறை நிறுத்தி, சூரன்போர் முடிந்ததும் தொடங்குகிற நம் வழக்கம், உடலின் கணக்கில் மிக மோசமானது.

விரதம்தான் காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்து மதுக்கடைகளை மூடியபோது காப்புக் கட்டாதவர்களுக்கும் குடி நின்றது. காலை முறித்துக்கொண்டு சத்திரசிகிச்சை விடுதியில் படுத்திருப்பவருக்கும், விளக்கமறியலுக்குப் போனவருக்கும் அப்படித்தான் நிற்கிறது. சிறைக்கூடமோ விடுதியோ வீடோ, எந்த இடம் என்று உடல் பார்ப்பதில்லை. ஆகவே குடிக்கும் ஒருவரை வேறு எந்த நோய்க்காக வைத்தியசாலையில் சேர்த்தாலும், சேர்க்கும் அந்த நேரத்திலேயே மூன்று செய்திகளைச் சொல்லிவிட வேண்டும்: நாளொன்றுக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, இதற்கு முன் வலிப்போ குழப்பமோ வந்ததுண்டா. நம் வீடுகளில் இதைச் சொல்வதில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்டுவிடும், பிள்ளைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம், வைத்தியர் ஒரு மாதிரிப் பார்ப்பார் என்று பல காரணங்கள். எல்லோர் முன்னும் சொல்ல வேண்டியதில்லை. தாதியை ஓரமாக அழைத்துச் சொல்லலாம், ஒரு துண்டில் எழுதியும் கொடுக்கலாம். சொல்லாமல் விட்டால், மூன்றாம் நாள் இரவு விடுதியே அதிர நிகழ்வது எப்படியும் எல்லோருக்கும் தெரியத்தான் போகிறது.

இவ்வளவும் நெருக்கடியில் போவதைப் பற்றியது. நெருக்கடி வருவதற்கு முன் போவதற்கு வழி இருக்கிறது என்பதே எங்கள் வீட்டில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதற்கென்று கொழும்புக்குப் போகத் தேவையில்லை. மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போகலாம். அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் சொன்னாலும் அங்கிருந்து அனுப்புவார்கள். கட்டணம் இல்லை. மனநலம் என்ற பெயரைக் கேட்டுப் பின்வாங்குபவர்கள் இருக்கிறார்கள். “எனக்கென்ன பைத்தியமா” என்று அத்தானும்தான் கேட்டார். அதற்கு அந்த வைத்தியர் சொன்ன விடை எனக்குப் பிடித்திருந்தது. நடுக்கத்துக்கு மருந்து தருகிற இடம் இது, பெயர்ப் பலகையைப் பார்க்காமல் உள்ளே வாருங்கள் என்றார். தொலைபேசியில் முதலில் பேச விரும்புபவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தையோ, தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தையோ அழைக்கலாம்.

எல்லோரும் விடுதியில் படுக்க வேண்டியதும் இல்லை. முன்பு வலிப்போ குழப்பமோ வராதவர், வேறு பெரிய நோய் இல்லாதவர், குடிக்கும் அளவு மிக அதிகமில்லாதவர், வீட்டில் பொறுப்பாகப் பார்க்க ஒருவர் உள்ளவர் என்றால், குளிசைகளை எழுதிக் கொடுத்து, அடிக்கடி வரச் சொல்லி, வீட்டிலிருந்தபடியே நிறுத்த வைப்பதும் உண்டு. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். அதுவரை, சார்பு நிலையில் உள்ளவர் தாமாக ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. “அப்ப குடிக்கச் சொல்லுறீங்களா?” என்று இதைக் கேட்கும் எவரும் கோபப்படுவார்கள் என்று தெரியும். கிளினிக் நாள் வரும்வரை சில நாட்கள் அதே அளவில் இருப்பது, வீட்டுத் திண்ணையில் வலிப்பு வந்து விழுவதைவிடப் பாதுகாப்பானது என்றுதான் சொல்கிறேன். காப்புக் கட்ட விரும்புபவர் அதற்கு ஒரு மாதம் முன்பே வைத்தியரைப் பார்த்துவிட்டால், கந்தசஷ்டிக்குள் நடுக்கமெல்லாம் தீர்ந்து உண்மையாகவே விரதம் இருக்கலாம்.

அவர் வர மறுக்கும்போது என்ன செய்வது என்பதுதான் கடினமான பகுதி. வெறியில் இருக்கும்போது புத்தி சொல்வதில் பயனில்லை. அது இரவுச் சண்டையில்தான் முடியும். காலையில், வெறி தெளிந்து, உடல் தன் வேதனையைத் தானே சொல்லிக்கொண்டிருக்கும் வேளையில், குடியை விடு என்று தொடங்காமல், இந்த நடுக்கத்துக்கு ஒரு மருந்து இருக்கிறதாம், போய்க் கேட்டுப் பார்ப்போமா என்று தொடங்கினால் கதவு சற்றுத் திறக்கிறது. 1980களில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் முன்வைத்த ஊக்குவிப்பு நேர்காணல் முறையின் அடிப்படையும் ஏறத்தாழ இதுவே. குடிப்பவரின் உள்ளேயே விட வேண்டும், விட முடியாது என்ற இரு குரல்களும் இருக்கின்றன. நாம் வெளியிலிருந்து முதற்குரலைப் பிடித்துக் கத்தினால், அவர் இரண்டாவது குரலைப் பிடித்து வாதாடத் தொடங்கிவிடுவார். அவரையே முதற்குரலில் பேச விட வேண்டும். எழுதுவது எளிது. அரிசிக் காசை எடுத்துக்கொண்டு போனவரிடம் மறுநாட்காலை மென்மையாகப் பேசுவது எவ்வளவு கடினம் என்பதை அக்காவின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

மறுப்பவருக்குத் தெரியாமல் மருந்து கொடுத்துவிடலாம் என்ற வழியை யாராவது காட்டினால் அதை அப்போதே மூடிவிட வேண்டும். முகநூலிலும் பத்திரிகை விளம்பரங்களிலும் “குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யும்” பொடிகள் விற்கப்படுகின்றன. தேநீரிலும் குழம்பிலும் கலக்கச் சொல்கிறார்கள். அவற்றில் என்ன இருக்கிறதென்று வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்பிராம் போன்ற மருந்து அதில் இருந்துவிட்டால் விளைவு விபரீதம். டென்மார்க்கில் 1940களில் மதுவுக்கு எதிரான விளைவு கண்டறியப்பட்ட அந்த மருந்து, மதுசாரம் உடலில் சிதையும் பாதையை இடையில் மறித்து, அசற்றல்டிஹைட் என்ற நச்சுப்பொருளைத் தேங்கவைக்கும். முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்தச் சரிவு வரை போகும். இதை அறிந்து, ஒப்புக்கொண்டு, வைத்தியரின் பார்வையில் எடுப்பவருக்கு அது ஒரு நல்ல காவல். அறியாமல் உண்டவர் வழக்கம் போல அரைப் போத்தலைக் குடித்தால் இதயம் நிற்கவும் கூடும். மருந்தை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை அதன் தாக்கம் உடலில் இருக்கும். தவிர, ஒரு நாள் அவருக்கு இது தெரியவரும்போது, மனைவியின் கையால் தரும் தேநீரையே நம்ப முடியாதவரோடு எந்தச் சிகிச்சையைத் தொடர்வது?

விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சிகிச்சை முடிந்துவிட்டது என்று நினைத்தோம் என்றால் மிகையில்லை. உண்மையில் அங்கேதான் அது தொடங்கியது. உடல் விட்டுவிட்டது, நாள் விடவில்லை. வேலை முடிந்து கை கழுவியதும் கால்கள் எந்தத் திசைக்குப் போகும், கூலி கையில் வரும் சனிக்கிழமை மாலையை என்ன செய்வது, கூட வேலை செய்பவர்கள் “ஒரு பெக்தானே” என்றால் என்ன சொல்வது என்பவையே உளவளத்துணையாளர் அவரோடு பேசியவை. கூலியைச் சனிக்கிழமைக்குப் பதில் திங்கள் காலையில் தரும்படி கொந்தராத்துக்காரரைக் கேட்கும் யோசனை அத்தானுடையது. எந்த மருந்தையும்விட அது அவரைக் காத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்துகளும் இருக்கின்றன: நால்ட்ரெக்சோன் குடியின் இன்பத்தையும் வேட்கையையும் குறைக்கும், அகம்புரோசேற் நிறுத்தியவர் நிறுத்தியபடியே இருக்க உதவும். ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகளைப் பார்த்துத்தான் எது என்று தீர்மானிப்பார்கள். அத்தானின் ஈரல் பரிசோதனை முடிவுகள் சரியில்லாததால் டைசல்பிராம் வேண்டாம் என்று விட்டுவிட்டு, தயமின் குளிசையும் அடிக்கடி கிளினிக்கும் என்று வைத்தார்கள்.

இளையவர்களின் சிக்கல் இப்போது சாராயத்தில் இல்லை. ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமின், ஹெரோயின், பிரிகபலின் குளிசைகள் என்று போகிறது. அவற்றைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஹெரோயினை நிறுத்தும்போது வரும் வேதனை கடுமையானதே தவிர, உடல்நலமுள்ள இளைஞரை அது பொதுவாகக் கொல்வதில்லை. கொல்வது அதன் பின் நடப்பது. நோன்பு மாதம் முழுவதும் விலகியிருந்தோ, தடுப்பில் சில வாரம் இருந்தோ வெளியே வந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஐஸுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்தென்று எதுவும் இன்றுவரை இல்லை; உளவளத்துணையும் நடத்தைச் சிகிச்சையும்தான். 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம், போதைப்பொருளில் தங்கியிருப்பவர்களைத் தாமாக வந்தோ நீதிமன்ற உத்தரவின் பேரிலோ சிகிச்சைக்கு ஏற்க வழிசெய்கிறது. சிகிச்சை நிலையம் நடத்துபவர் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்றும் அது விதிக்கிறது. ஆகவே இலட்சக்கணக்கில் காசு கேட்கும் தனியார் நிலையம் ஒன்றில் பிள்ளையை ஒப்படைக்கும் முன், அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். வைத்தியர் யார், எந்த நாட்களில் வருகிறார், பெற்றோர் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். அடித்துத் திருத்துவோம் என்பவர்களிடம் விட வேண்டாம்.

அக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தனை ஆண்டுகளும் எல்லோரும் அவரிடம் கேட்டது, அத்தான் எப்படி இருக்கிறார் என்றுதான். கிளினிக்கில்தான் முதன்முறையாக ஒருவர், நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். குடிப்பவரின் சிகிச்சைக்காக அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எந்த வைத்தியமும் சொல்லவில்லை. அடி உதை இருக்கும் வீடுகளில் பெண்கள் உதவி இலக்கமான 1938ஐயும், பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் 1929ஐயும் அழைப்பதற்குக் கணவர் திருந்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அவர் குடிப்பது நோய். அவர் கை ஓங்குவதை அந்தச் சொல் மூடிவிடாது.

போதைச் சார்பிலிருந்து மீள்பவர்களில் 40 முதல் 60 வீதம் வரையானோர் மீண்டும் ஒரு முறையாவது சறுக்குகிறார்கள் என்று அமெரிக்கத் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. இரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்தெடுப்பவர்கள் மருந்தைக் கைவிட்டு மீண்டும் நோய்வாய்ப்படும் வீதத்துக்கு இது ஏறத்தாழச் சமம். அத்தானும் சறுக்கினார். கூட வேலை செய்த ஒருவரின் செத்தவீட்டில், பந்தலுக்குப் பின்னால் ஊற்றிக் கொடுத்ததை வாங்கிக் குடித்துவிட்டு நள்ளிரவில் வந்தார். இவ்வளவு செய்தும் இதுதானா என்று உறவினர்கள் திட்டினார்கள். பெரியவர் ஒருவர், அடுத்த வாரமே கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்க வேண்டும் என்றார். அக்கா சத்தியம் வாங்கவில்லை. மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு, முறை வராத நாளிலேயே கிளினிக்குக்குப் போனார். வைத்தியர் கண்டிக்கவில்லை. எத்தனை மணிக்குப் போனீர்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள், முதல் மிடறுக்கு முன் என்ன நினைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்; கை நடுங்குகிறதா என்று பார்த்தார்; அடுத்த தவணையை முன்னதாக வைத்தார். எட்டுச்செலவுக்குப் போகாமல் விட முடியாது என்று அத்தான் சொன்னதும், அதற்கும் ஓர் ஏற்பாடு செய்தார்கள்: மகனோடு காலையில் போய், பந்தலில் முன்வரிசையில் இருந்து, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மகனின் மோட்டார் சைக்கிளிலேயே திரும்பிவிடுவது, மாலையில் சுவர் பூச வேண்டிய ஒரு வீட்டுக்காரருக்கு வருவதாக முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடுவது. அப்படியே போய் வந்தார்.